எட்டு மணிக்குச் சரியாக

எட்டு ஆக இன்னும் கால் மணி இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைத்தால் வராமல் போய்விடுமா என்ன, வரும், எட்டுக்குச் சரியாக வரும், அதுதானே சங்கடம். வணக்கம், உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டீர்களா, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு, பேச வேண்டும் என்றால் மூன்று. செடி என்றால் செடி இல்லை, மாத்திரை. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. வீட்டில் போன் பல கைக்குப் போகும், யார் கண்ணில் பட்டாலும் சந்தேகம் வரக்கூடாது என்று, எங்களைக் கவனித்துக்கொள்கிற தொண்டு அமைப்பில் அப்படி ஓர் ஏற்பாடு. நான் ஒண்டி ஆள், என் போன் எந்தக் கைக்கும் போவதில்லை, ஆனாலும் எனக்கும் செடிதான் வருகிறது. முதல் வாரம் முழுக்க ஒன்று என்று அனுப்பும்போது விரல் கூசியது. செடியே இல்லாதவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று எப்படிச் சொல்வது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆயுசு முழுக்கச் செக்கிங்கில் உட்கார்ந்தவன் நான், ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்தப் பீஸைத் தள்ளி வைக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இட்லிப்பூச் செடி ஒன்றை வாங்கி வந்து பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு வாசற்படி ஓரம் வைத்த பிறகுதான் மனசு அடங்கியது. எட்டு மணிக்கு மாத்திரை, சொம்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் செடிக்கு, அப்புறம் ஒன்று. எல்லாம் நேராக இருந்தது. முந்தாநாள் வரைக்கும்.

முந்தாநாள் போடவில்லை. நேற்றும் போடவில்லை. காய்ச்சல் இல்லை, குமட்டல் இல்லை, மாத்திரை தீர்ந்தும் போகவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் டப்பா இருக்கிறது, தூக்கினால் கலகலவென்று சத்தம் வரக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன், லைன் வீட்டில் சுவர் என்பது பெயருக்குத்தான், பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் குக்கர் என் தலைக்குள் கூவுகிறது, என் டப்பாச் சத்தமும் அவள் தலைக்குள் போகும். மூன்று நாள் தொடர்ந்து பதில் இல்லை என்றால் ஆபீசிலிருந்து ஓர் ஆள் கூப்பிடுவார். முன்பு அமைப்பில் இருந்த வியான்னி சொல்லியிருக்கிறான். ஓர் ஆள். குரல் உள்ள ஆள், மூச்சு வாங்குகிற ஆள், பின்னால் பஸ் சத்தமோ பிள்ளை அழுகிற சத்தமோ கேட்கும். அதற்காகத்தான். அறுபத்தொரு வயதுக்காரன் செய்கிற வேலையா இது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதிலை மட்டும் அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். இருந்திருக்கலாம். ஆனால் கூப்பிடுகிறவர் மாத்திரை போடாத ஆளை அல்லவா கூப்பிடுவார், பதறிப் போய் அல்லவா கேட்பார், நான் வயிறு நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பதற்றத்தை வாங்கிக்கொள்வேனா. அது கள்ளக் கணக்கு. அவர் கேட்கும்போது நான் உண்மையிலேயே போடாதவனாக இருக்க வேண்டும். இப்படி யோசித்துத்தான் இரண்டு ராத்திரி சும்மா படுத்தேன். டாக்டரம்மா சொன்னது காதில் இருக்கிறது, விட்டு விட்டுப் போட்டால் கிருமி மாத்திரைக்குப் பழகிவிடும், அப்புறம் இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது. ரத்தத்தில் கிருமி இருப்பதே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், இப்படியே போங்கள் என்று அந்தம்மா தட்டிக்கொடுத்து நான்கு மாசம்கூட ஆகவில்லை. நேற்று ராத்திரி புரண்டு படுத்தபோது உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. இருக்காது. ரெண்டு நாளில் ஊராது. ஆனால் எந்த நாளில் ஊரத் தொடங்கும் என்று யார் கண்டது. இன்றைக்கும் விட்டால் மூன்று. மூன்று என்றால் கூப்பிடுவார்கள்.

வியான்னி இருந்திருந்தால் முதல் நாளே கூப்பிட்டிருப்பான். அவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், எனக்கு மகன் வயசு இருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் ஆட்கள் நிற்பது குறைந்துகொண்டே வந்தது, எல்லாரும் போனுக்குள் போய்விட்டார்கள் என்றார்கள், நானும் போனேன். ஆண்கள் ஆண்களைத் தேடுகிற ஆப். திறந்தால் வரிசையாக உடம்புகள், ஒன்றுக்கும் தலை இல்லை. நான் ஒரு டம்ளர் காப்பியைப் படம் பிடித்துப் போட்டிருந்தேன். மாசக் கணக்கில் அந்தக் காப்பியை ஒருவரும் சீண்டவில்லை. ஒரு சாயங்காலம் வந்தது, வணக்கம் அண்ணாச்சி, சாப்டியளா. என்னை அதற்கு முன்னால் யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை, எங்கள் பக்கத்தில் அது மளிகைக்கடைக்காரருக்கு. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். என்ன சாப்பிட்டேன், கம்பெனியில் ஓவர்டைம் உண்டா, முழங்கால் வலிக்குத் தேய்த்தேனா. பதில் எழுத எனக்கு ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும், அவ்வளவு நேரமும் அவன் காத்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் பார்க் பக்கம் வாங்க அண்ணாச்சி, ஒரு விஷயம் இருக்கு, நேர்ல சொல்லுதேன் என்றான். நான் வெள்ளைச் சட்டையை அயர்ன் கடையில் கொடுத்து வாங்கினேன், முகச்சவரம் செய்துகொண்டேன், கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். கடைக்காரன் என்ன விசேஷம் என்றான், சொந்தக்காரர் வருகிறார் என்றேன். பார்க் வாசலில் ஒரு வேன் நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு ஒரு மெலிந்த பையன் இறங்கி வந்து, நீங்கதானே காப்பி அண்ணாச்சி என்றான். இலவசப் பரிசோதனை முகாம். அவனுடைய வேலையே அதுதான், ஆப்பில் இருக்கிற நம் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பரிசோதனைக்குக் கூட்டி வருவது. என் சட்டையைப் பார்த்தான், மைசூர்பாகுப் பெட்டியைப் பார்த்தான், அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிப் பிரித்து முதலில் தான் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு, நர்ஸ் அக்காவுக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று கொடுத்து, நல்ல நெய்யி அண்ணாச்சி என்றான். அப்புறம்தான் விரலில் குத்தினார்கள். அந்தச் சின்னப் பட்டையில் இரண்டாவது கோடு மெல்ல மெல்ல வந்தபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், அந்த ரப்பர் உறையோடு. உறையைக் கழற்றிவிட்டுப் பிடித்திருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த நேரத்தில் வர வேண்டிய எண்ணமா அது. வந்தது.

மாரப்பன் உறை எதுவும் போட்டதில்லை. அப்போது எங்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்றே தெரியாது, தெரிந்தாலும் அது பிள்ளை வேண்டாம் என்கிறவர்களுக்கு என்று நினைத்திருப்போம். மாரப்பன் தாராபுரம் பஸ்ஸில் கண்டக்டர், கடைசி டிரிப் முடித்துப் பணத்தைக் கட்டிவிட்டு என் அறைக்கு வருவான். ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்தவனா. சில்லறை சேரவில்லை என்பான், பல்லடத்தில் டயர் போய்விட்டது என்பான், ஒரு தடவை பஸ்ஸில் யாரோ ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள், உரிய ஆளைத் தேடினேன் என்றான், நான் நம்பவில்லை, சட்டையை மோந்து பார்த்தால் ஆட்டு வாடை. காத்திருக்கும்போது கோபம் கோபமாக வரும், படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் எங்கே போகுமோ அந்தக் கோபம். வராமல் போனதே இல்லை, தாமதமாகத்தான் வருவான். அப்புறம் இளைத்தான். டி.பி. என்றார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய மண்டை ஓடு வரைந்து எழுதிப் போட்டிருந்தார்கள், மனைவிக்குத் துரோகம் செய்யாதே என்று. நான் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். எனக்கு மனைவி இல்லை, இது எனக்குச் சொன்னதில்லை என்று நகர்ந்துவிட்டேன். பயம் காட்டினார்களே தவிர எங்களுக்கென்று ஒரு வரி அதில் இல்லை. சாவுக்குப் போனபோது டிப்போ ஆட்களோடு ஆளாக நின்றேன், யார் என்று கேட்டால் சீசன் டிக்கெட் பழக்கம் என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. அவனுக்கு எது வந்ததென்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எனக்கு வந்தது அவனிடமிருந்தா, அவனுக்கு அப்புறம் வந்து போன தலையில்லாதவர்களிடமிருந்தா, அதுவும் தெரியாது. ஒன்று மட்டும் தோன்றும். அவன் கையில் ஒரு போன் இருந்து, தினம் ஒருத்தன், மாத்திரை போட்டியளா அண்ணாச்சி என்று கேட்டிருந்தால். அப்போது போனும் இல்லை, மாத்திரையும் இல்லை. கேட்க ஆள் இருந்தது, நான் இருந்தேன், எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வியான்னிக்குக் கேட்கத் தெரியும். அவனும் சொன்ன நேரத்துக்கு வந்தவனில்லை. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து எட்டு மணிக்குக் கேட்பேன் என்றான், எட்டேகாலுக்குக் கேட்பான், ஒன்பதுக்குக் கேட்பான், ரயில்ல நிக்கேன் அண்ணாச்சி கை எடுக்க முடியல என்பான், ஒரு நாள் தூங்கிவிட்டு விடியற்காலையில் அலறிக்கொண்டு கேட்டான். நான் எட்டுக்கே போட்டுவிட்டு அவன் கேட்கும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்த உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமான உட்கார்ந்திருப்பது. செல்போனில் பார்க்கிற சின்னச் சின்னப் படங்களும் எடுப்பான், டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி, உறை போடுவது எப்படி, மாத்திரை சாப்பிட்டால் எத்தனை காலம் இருக்கலாம், வருவதற்கு முன்னாலேயே தடுக்க என்ன மாத்திரை, ஒட்டுமீசை வைத்தால் ஓர் ஆள், எடுத்தால் இன்னோர் ஆள், இரண்டும் அவனே. ஒரு படத்தில் மீசை பாதியில் கழன்று டீயில் விழுந்தது, அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டான், அதைத்தான் நம் ஆட்கள் அதிகம் பார்த்தார்கள். ஆடி மாசம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சம்பளம் ஜாஸ்தி, தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, போகத்தான் வேண்டும். போகும்போது குரல் பதிவு ஒன்று அனுப்பினான், இனிமே இந்த நம்பர்ல ஆபீஸ்ல இருந்து வரும் அண்ணாச்சி, விட்டுராதிய. மறுநாள் அதே நம்பரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டீர்களா என்று வந்தது. எட்டுக்குச் சரியாக.

புதிதாக வந்தவர் என்னைப் போன்ற ஆள் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. ஒரு பிழை இல்லை. அவரை மனசுக்குள் வரைந்துகூட வைத்திருந்தேன், கண்ணாடி போட்டவர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார், பேச வராது, என்னைப் போல. தீபாவளியன்றும் எட்டுக்குச் சரியாக வந்தபோது வருத்தமாக இருந்தது, பண்டிகை நாளில்கூட அவரை வீட்டுக்கு விடவில்லையே என்று. மயிலாத்தாள் கொடுத்த அதிரசத்தைத் தின்னும்போது அவருக்கு யாராவது கொடுத்திருப்பார்களா என்று யோசித்தேன். நாளாக நாளாக ஒரே எண்ணம், தினமும் என்னைக் கேட்கிறாரே, அவரை ஒருவரும் கேட்பதில்லையே. எத்தனை நாள் எழுதி எழுதி அழித்தேன். முந்தாநாளுக்கு முந்தின நாள், மாத்திரை போட்டு, செடிக்கு ஊற்றி, ஒன்று அனுப்பி, அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா. கண்ணைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. மன்னிக்கவும், புரியவில்லை, ஒன்று, இரண்டு அல்லது மூன்று அனுப்பவும். அவ்வளவு சீக்கிரம் எந்த விரலும் எழுதாது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது அங்கே யாரும் இல்லை என்று. கண்ணாடி இல்லை, பெல்ட் இல்லை. ஓர் இயந்திரம், ஊரில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் கேட்கிறது. அறைக்குள் என்னைத் தவிர ஆள் இல்லை, இருந்தும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். அதன்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அது தன்னை ஆள் என்று எப்போதும் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொண்டேன்.

வந்துவிட்டது. கவிழ்த்து வைத்த போன் தரையில் துடிக்கிறது. மணி எட்டு. திருப்பிப் பார்க்கிறேன், வணக்கம், உங்கள் செடிக்கு. இன்றைக்கும் பேசாமல் இருந்தால் போதும். நாளைக்குக் காலையில் கூப்பிடுவார்கள், கம்பெனியில் இருக்கும்போது கூப்பிட்டால், நூல் தூசுக்குள் மெஷின் சத்தத்தில் என்ன கேட்கும், பாத்ரூம் பக்கம் போய்ப் பேசலாம். ஏன் போடவில்லை என்பார்கள். என்ன சொல்வது. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா உங்க குரல் கேக்கலாம்னு. சீ. மூன்று என்று ஒன்று இருக்கிறதே, பேச வேண்டும் என்றால் மூன்று, தினமும்தான் கண்ணில் படுகிறது. ஆனால் அது எனக்கு இல்லை. வாந்தி நிற்காதவர்களுக்கு, வீட்டில் தெரிந்து அடித்துத் துரத்தப்பட்டவர்களுக்கு, தூக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. எனக்கு வாடகை பாக்கி இல்லை, அடிக்க ஆள் இல்லை. ஒரு குறையும் இல்லாதவன் மூன்றை அழுத்தினால் உண்மையிலேயே தேவைப்படுகிறவனின் இடத்தைப் பிடித்ததாக ஆகும். மண்டை ஓட்டுக்குக் கீழே நின்றபோதும் இதே மாதிரிதான் நினைத்தேன், இது எனக்குச் சொன்னதில்லை என்று. இதே மாதிரிதான். கதவு தட்டுகிறார்கள். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனால் மயிலாத்தாள், கையில் அரிசி களைகிற பாத்திரத்தோடு நிற்கிறாள், கை ஈரம் சொட்டுகிறது.

“ஏனுங்ணா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?” என்றாள். இல்லையே அம்மிணி, ஏன் என்றேன். செடியைக் காட்டினாள். இட்லிப்பூ இலையெல்லாம் தொங்கிக்கொண்டு நின்றது, டப்பா மண் வெடித்திருந்தது. “ரெண்டு நாளா தண்ணி ஊத்துற சத்தமே காணமுங்க. நீங்க ஊத்துனாத்தானுங்க எனக்கு எட்டு மணி. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சோத்துக்கு ஒல வெப்பேன். ரெண்டு நாளா எங்கூட்ல சோறு நேரங்கெட்டுப் போச்சு. எங்கூட்டுக்காரரு, உங்கொண்ணனைப் போய்க் கேளு, அவரு ஊத்துனாத்தான் எனக்குச் சோறுங்கறாரு.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறந்துட்டேன் அம்மிணி என்றேன். “நீங்களாவது மறக்கறதாவது,” என்றாள், என் முகத்தை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தாள், பாத்திரத்தில் இருந்த அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனவள் என்ன நினைத்தாளோ ஊற்றாமல் நிறுத்தி, “நீங்களே ஊத்துங்க, நானு ஒல வெக்கோணும்” என்று உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் ஊற்றுவதற்காகக் காத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இத்தனை காலமாக என் சொம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், அவளுக்கு மாத்திரையும் தெரியாது, மாரப்பனையும் தெரியாது, நான் யார் என்றே தெரியாது, நான் இரண்டு நாள் ஊற்றவில்லை என்பது தெரிந்திருக்கிறது. இந்தச் சுவர் வழியாக என்ன கேட்டுவிடுமோ என்று டப்பாவுக்குப் பஞ்சு அடைத்தவன் நான்.

அரிசி டின்னை நகர்த்தினேன். பஞ்சை எடுத்தேன், திரும்ப அடைக்கவில்லை. மாத்திரையை நாக்கில் வைத்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன். விட்டதை ஈடுகட்ட இரண்டு சேர்த்துப் போடக்கூடாது, ஒன்றுதான், அதுவும் டாக்டரம்மா சொன்னதுதான். விட்டதை விட்டதாகவே சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்து சொம்பைக் கொஞ்சம் உயரமாகவே தூக்கி ஊற்றினேன், மண் சுர்ரென்று உறிஞ்சியது, டப்பாவின் ஓட்டை வழியாகத் தண்ணீர் சிமெண்ட் தரைக்கு வந்தது, பக்கத்தில் தீப்பெட்டி உரசினாள். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன். ஒன்று. விரலை எடுக்குமுன் வந்தது, நன்றி, நாளை சந்திப்போம். நாளைக்கு எட்டுக்குச் சரியாகச் சந்திக்கும், அது பாட்டுக்குச் சந்திக்கட்டும், அதுவும் வேண்டியதுதான். இனிமேல் மூன்று நாள் கணக்கு அறுந்துவிட்டது, காலையில் யாரும் கூப்பிடப் போவதில்லை. யாரும் கூப்பிடப் போவதில்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். திண்டாட்டமாகத்தான் இருந்தது. அப்புறம் மூன்று என்று அழுத்தினேன். கண்ணை மூடவில்லை.

பதில் வரவில்லை. ஒன்றுக்கு நன்றி வந்த வேகத்தில் மூன்றுக்கும் ஏதாவது வந்து விழும் என்று பார்த்தேன், மன்னிக்கவும் என்றாவது. வரவில்லை. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு குறி மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அப்படியென்றால் இது இயந்திரத்தின் கையில் இல்லை. வேறு ஒரு கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கை சோறு பிசைந்துகொண்டிருக்கலாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், கை எடுக்க முடியாமல். ஆணோ பெண்ணோ, எந்த ஊர்ப் பேச்சோ, வியான்னியாக இருக்காது, அது தெரியும், மாரப்பனாக இருக்கவே இருக்காது. என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் இரண்டு நாள் விட்டதைச் சொல்ல வேண்டும். ஏன் என்றால் அதையும் சொல்ல வேண்டும், வெட்கத்தைப் பார்க்காமல். அப்புறம், நீங்க சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டும். பக்கத்தில் உலை கொதிக்கிற வாசம் வருகிறது. போனை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு வாசற்படியில், செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டரை தாண்டிவிட்டது. தாமதமாகிறது. ஆகட்டும்.